கூறையின் சிவப்பு

ரொறன்ரோவில் நான் செய்த முதல் வேலை இருட்டறை வேலை. எழுபதுகளின் நடுப்பகுதி. ஸ்காபரோவில் கிடங்குகள் வரிசையாக நின்ற ஒரு வீதியில், கேட்ட அளவில் கலர்ப் படங்களைப் பெருப்பித்துக் கொடுக்கும் சின்ன லாப் அது. ஊரில் இரசாயனம் படித்தவள் என்ற ஒரே காரணத்துக்காக என்னை எடுத்தார்கள். அங்கே நான் கண்ட இரசாயனம் மூன்று தொட்டிகளும், எவ்வளவு கழுவினாலும் கையை விட்டுப் போகாத ஒரு புளித்த மணமும்தான்.

மேற்பார்வையாளர் ஹங்கேரியில் இருந்து வந்தவர். வேலையில் கண்டிப்பு, மற்றபடி நல்ல மனிதர். மத்தியானத்தில் தன்னுடைய இறைச்சிச் சொசேஜில் பாதியை எனக்கு நீட்டுவார். நான் சைவம் என்பதை ஒவ்வொரு நாளும் மறந்துவிடுவார்.

காலையில் வந்ததும் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படத்தை அச்சிட்டுப் பார்ப்போம். பொன்னிறத் தலைமயிர், முத்துமாலை, வெளிர் கன்னம். மாதிரி அட்டையில் இருப்பதுபோல அந்தக் கன்னம் வந்துவிட்டால் அன்றைய நிறம் சரி என்று அர்த்தம். பிறகு வருகிற படங்கள் எல்லாம் அந்தக் கன்னத்துக்கு வைத்த நிற அளவில்தான் போகும். அதில் ஏதும் பிழை இருக்கலாம் என்று இரண்டு வருடமாக எனக்குத் தோன்றவே இல்லை.

ஒரு பெப்ரவரி மத்தியானம் முன் கவுண்டரில் இருந்தவள் வந்து என்னைக் கூப்பிட்டாள். "ஒரு பெண் அழுகிறாள். உன்னுடைய நாட்டுக்காரிபோல இருக்கிறது" என்றாள்.

இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும். தடித்த கோட்டின் பூட்டாத மேல் பட்டனுக்குள்ளால் தாலிக்கொடி தெரிந்தது. என் நெற்றிப் பொட்டைப் பார்த்துவிட்டு, "அக்கா, நீங்கள் தமிழோ?" என்றாள்.

"ஓம். யாழ்ப்பாணம்தான். ஏன் பிள்ளை அழுறீர்?"

அவள் ஒரு படத்தையும் ஒரு நீல விமானக் கடிதத்தையும் மேசையில் வைத்தாள். முந்திய மாதம்தான் கல்யாணம். டோர்செட் பார்க் என்ற பகுதியில் ஒரு மாடிக் குடியிருப்பின் வரவேற்பறையில், பத்துப் பதினைந்து பேருக்கு முன்னால் நடந்தது. படம் எடுத்த நண்பரின் பிளாஷ் வேலை செய்யவில்லை. அதனால் தாலி கட்டிய கையோடு மாப்பிள்ளையையும் பெண்ணையும் கீழே கார் நிறுத்துமிடத்துக்குக் கூட்டிப்போய்ப் பனிக்கு நடுவில் நிற்கவைத்து எடுத்திருக்கிறார். படமும் கழுவிக் கொடுக்கும் ஒரு மருந்துக்கடையில் கழுவிய படத்தை அவள் ஊருக்கு அனுப்பினாள். அதற்கு அம்மாவின் பதில்தான் அந்தக் கடிதம்.

"வாசியுங்கோ அக்கா" என்றாள்.

'பிள்ளை, உனக்கு என்ன வருத்தம்? முகம் செத்துக் கறுத்துக் கிடக்கு. நானே கடையில நிண்டு எடுத்த கூறை எங்கை? இது ஏதோ மண் நிறச் சீலை. எனக்கு ஒளிக்காதை. படத்தை நான் ஒருத்தருக்கும் காட்டேல்லை.'

படத்தைப் பார்த்தேன். பின்னால் பனி வெள்ளையாக ஒளிர்ந்தது. அதன் முன்னால் சாம்பல் பூசிய இரண்டு முகங்கள். கல்யாணக் கூறைச் சேலை செங்கல் நிறத்தில் இருந்தது. எனக்கு எதிரே நின்றவளோ நல்ல களையான, மாநிறப் பெண். இந்தப் படத்தைப் பார்த்தால் எந்தத் தாயும் அப்படித்தான் எழுதுவாள்.

"நெகட்டிவ் இருக்கோ?"

"இருக்கு. கொண்டு வந்தனான்."

அன்றே எங்களுடைய வழக்கமான நிற அளவில் அச்சிட்டுப் பார்த்தேன். மருந்துக்கடைப் படத்தைவிடக் கொஞ்சம் தெளிவு, அவ்வளவுதான். முகத்தில் அதே சாம்பல். மேற்பார்வையாளரிடம் காட்டினேன். அவர் மாதிரி அட்டையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "அட்டை சரியாக இருக்கிறது. பனி வெள்ளையாக இருக்கிறது. வேறென்ன வேண்டும்?" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் ஊருக்கு அனுப்பிய படங்களிலும் இதே சாம்பல் முகம்தான் இருந்தது. கனடாக் குளிர் என்னைக் கறுத்து வாடச் செய்துவிட்டது என்று நானே நம்பியிருந்தேன். கண்ணாடியில் தெரியாத வாட்டம் படத்தில் மட்டும் ஏன் தெரிகிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது. கோபமும் வந்தது, யார் மேல் என்று தெரியாத கோபம்.

அவளுக்கு டெலிபோன் எடுத்தேன். "சனிக்கிழமை வாரும். வரேக்கை கூறையையும் கொண்டு வாரும்."

"கூறையையோ? ஏன் அக்கா?"

"அது என்ன சிவப்பு எண்டு எனக்குத் தெரிய வேணுமெல்லோ."

இரண்டு பஸ் மாறி வந்தாள். பழைய பெட்ஷீற்றில் சுற்றி, அதற்கு மேல் பிளாஸ்ரிக் பை போட்டு, குழந்தையைத் தூக்குவதுபோல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள். குழல்விளக்கின் கீழ் விரித்தால் நிறம் பொய் சொல்லும் என்பதால் ஜன்னல் ஓரத்தில் விரித்தோம். மாதுளை முத்தின் சிவப்பு. மடிப்பில் கொஞ்சம் இருண்டு, ஓரத்தில் கொஞ்சம் ஒளிர்ந்தது.

நெகட்டிவில் இருந்து அச்சிடும்போது எல்லாமே தலைகீழ். படத்தில் மஞ்சள் கூடிவிட்டால், விளக்கின் முன்னால் இருக்கும் மஞ்சள் வடிகட்டியைக் கூட்ட வேண்டும். படம் கறுத்தால் வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும். மஞ்சளைக் கூட்டினேன், மஜெந்தா என்கிற ஊதாச்சிவப்பு வடிகட்டியைக் குறைத்தேன். சேலையில் உயிர் வரத் தொடங்கியது. முகத்தை வெளுக்கச் செய்ய மொத்த வெளிச்சத்தையும் குறைத்தபோது பின்னால் இருந்த பனி வெறும் கடதாசியாகிவிட்டது. எனவே கம்பியின் நுனியில் காசளவு அட்டை ஒன்றை ஒட்டி, முகங்களில் விழும் வெளிச்சத்தை மட்டும் சில விநாடிகள் மறைத்தேன். கை ஓரிடத்தில் நின்றால் படத்தில் வட்டம் விழுந்துவிடும். அதனால் ஆட்டிக்கொண்டே இருந்தேன்.

ஈரப் படத்தின் நிறத்தை நம்ப முடியாது. ஒவ்வொன்றையும் உலர்த்தி, ஜன்னலுக்குக் கொண்டுபோய், கூறையின் மேலும் அவளுடைய கன்னத்தின் பக்கத்திலும் பிடித்துப் பார்த்தேன். அவள் அசையாமல் நிற்பாள். "இன்னும் இல்லை" என்று நான் திரும்பிப் போவேன்.

நிறம் நெருங்கி வந்தபோது வேறொரு கரைச்சல். நடுவில் முகங்கள் மங்கல். விளக்கின் சூட்டில் பிலிம் மெல்ல வளைந்துகொண்டிருந்தது. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவில் அதை அழுத்தி வைத்து, தூசியைத் தட்டி, உருப்பெருக்கியால் பார்த்துப் பார்த்துக் கூர்மையாக்கினேன். எட்டாவது படத்தில் சரிகை இழை இழையாகத் தெரிந்தது. பொட்டின் விளிம்பு தெரிந்தது. அவளுடைய முகம் அவளுடைய முகமாக வந்திருந்தது.

மேற்பார்வையாளர் எட்டிப் பார்த்தார். "பனி இளஞ்சிவப்பாகிவிட்டதே" என்றார்.

"இவளுடைய அம்மா பனியைப் பார்த்ததே இல்லை. மகளின் முகத்தைப் பார்த்திருக்கிறார்" என்றேன்.

அவர் படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். அவள் இன்னும் ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தாள். பிறகு, "வடிகட்டி எண்களை எழுதி வை" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அவள் படத்தைக் கையில் வாங்கினாள். கண் கலங்கியது. உடனே, "ஐயோ!" என்று வாயைப் பொத்தினாள்.

"என்ன?"

"சப்பாத்து!"

கூறையின் கரைக்குக் கீழே இரண்டு பெரிய கறுப்புப் பனிச் சப்பாத்துகள், ஒன்றில் நாடா அவிழ்ந்தபடி, தெளிவாகத் தெரிந்தன. பழைய படத்தில் அது வெறும் இருட்டு. கூர்மை வந்ததும் சப்பாத்தும் வந்துவிட்டது.

"கூறையோட சப்பாத்துப் போட்டதை அம்மா கண்டால் என்ன சொல்லுவா?"

"வெட்டி விடவோ? முழங்காலோட நிப்பாட்டலாம்."

யோசித்தாள். நான் கத்தரியைக் கையில் எடுத்துவிட்டேன். அவள் என் கையைப் பிடித்தாள். "வேண்டாம் அக்கா. முதல் படத்தைப் பாத்து, நான் ஒளிக்கிறன் எண்டுதானே அம்மா நினைச்சவா. இது முழுசாப் போகட்டும்."

ஏப்ரல் முடிவில் அவளுடைய அம்மாவின் பதில் வந்தது. வேலை முடிந்து நான் வெளியே வந்தபோது பஸ் தரிப்பில் காத்து நின்று கையில் தந்தாள். நான் வாசிக்கும்வரை பொறுக்க முடியாமல் தானே பக்கத்தில் நின்று விரலால் வரியைக் காட்டினாள்.

'இப்பதான் என்ரை பிள்ளையைக் கண்டன். கூறை வடிவு. மாப்பிள்ளையும் வடிவு. படத்தைச் சட்டம் போட்டு முன் விறாந்தையில கொழுவியிருக்கிறன். வாற போற எல்லாருக்கும் சப்பாத்தைக் காட்டுறன். கால் குளிராமல் நிண்டிருக்கிறாய், அது காணும் எனக்கு.'

கடிதத்தை மடித்து அவளிடம் கொடுத்தேன். அவளுடைய பஸ் வந்தது. "ஞாயிற்றுக்கிழமை வீட்டை வாங்கோ அக்கா, அண்ணையையும் கூட்டிக்கொண்டு. புட்டு அவிக்கிறன்" என்று படியில் ஏறியபடியே கத்தினாள். நானும் என் கணவரும் வருகிறோம் என்று கையைக் காட்டினேன்.

திங்கட்கிழமை காலை மாதிரி அட்டை மாட்டும் பலகையில் இன்னொரு ஆணி அடித்திருந்தது. எட்டாவது படத்தின் பிரதி ஒன்று, முகங்கள் மட்டும் தெரியும்படி வெட்டி, பொன்னிறத் தலைமயிர்க்காரியின் பக்கத்தில் தொங்கியது. மேற்பார்வையாளரின் மேசையில் சுத்தியல் கிடந்தது. மத்தியானம் அவர் வழக்கம்போலச் சொசேஜை நீட்டினார்.