ஆறு விரல் வயலின்காரர்

ஒரு கையில் ரொட்டி, மறு கையில் உலகம். மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில், லென்ஸ் உறைகள் அடுக்கிய அலமாரிக்கும் கைகழுவும் தொட்டிக்கும் நடுவே ஒரு முக்காலி. அதில் உட்கார்ந்து மென்றபடியே கட்டைவிரலால் போன் திரையைத் தள்ளிக்கொண்டு போகிறார் அந்தப் பெண்மணி. மெல்வது நின்றால் ஏதோ அகப்பட்டுவிட்டது என்று அர்த்தம். "அடப்பாவி" என்று முணுமுணுத்தால் அரசியல். வெறும் "அட" என்றால் கலை. ஒன்றும் சொல்லாமல் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டால், அது இந்த வாரம் முதல் இடத்துக்குப் போகப்போகிறது.

குடும்பத்தில் அவருக்குச் 'செய்தித்துறை' என்று பெயர். சனிக்கிழமை காலையில், மற்றவர்கள் இன்னும் பல் தேய்க்காத நேரத்தில், குடும்ப வாட்ஸப் குழுவில் அவருடைய 'வாரக் கடைசி' வந்து விழும். பார்க்க, படிக்க, முறைக்க என்று மூன்று பிரிவு. பார்க்க என்றால் படம், பாட்டு, கூத்து. படிக்க என்றால் நீளமானவை. முறைக்க என்பது அரசியல். ஒவ்வொன்றுக்கும் ஒரு லிங்க், அதன் தலைமேல் அவருடைய இரண்டு வரி. ஒரே விளக்குக் கம்பத்தை முப்பது வருஷமாகப் படம் எடுக்கும் மனிதர் வருவார். நாற்காலியை எந்தப் பக்கம் திருப்பிப் போடுவது என்று ஒரு நாள் முழுக்க விவாதித்த ஏதோ ஒரு நாட்டு மன்றம் வரும். கீழே அவர் எழுதுவார்: "கடைசியில் யாரும் உட்காரவில்லை. அதுவரை மகிழ்ச்சி."

மருத்துவக் குறிப்பு கிடையாது. பூப் படத்தோடு காலை வணக்கம் கிடையாது. அப்படி வணக்கம் வைப்பவர்களை அவர் மனிதராக மதிப்பார், வாசகராக மதிக்கமாட்டார்.

பிழைப்பு என்னவோ கண்ணாடி பொருத்துவது. சட்டத்தைச் சூடு காற்றில் காட்டி, காதில் மாட்டும் காம்பை நெல் அளவு வளைத்து, வந்தவர் முகத்தில் வைத்துவிட்டு, "நேரா பாருங்க. என்னை இல்ல, என் மூக்கப் பாருங்க" என்பார். அந்நியர் கண்ணை அந்நியர் பார்ப்பதில் உள்ள கூச்சத்துக்கு அவர் கண்டுபிடித்த வழி அது. பிறகு மஞ்சள் துணியால் இரண்டு பக்கமும் துடைத்துக் கொடுப்பார். ஊரார் கண்ணாடியெல்லாம் பளபளக்கும். அவர் கண்ணாடியில் மட்டும் இரண்டு பக்கமும் கட்டைவிரல் ரேகை. "எனக்குத் தெரியறது போதும்" என்பது அவர் வாதம். கணவர் இதைப் பலமுறை மறுத்துப் பார்த்திருக்கிறார்.

கணவர் கார் ஓட்டக் கற்றுத் தருபவர். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தனக்கென்று தனியாக ஒரு பிரேக்கைக் காலடியில் வைத்துக்கொண்டே பழகியவர். வீட்டிலும் அப்படித்தான். வண்டி எங்கே போகவேண்டும் என்று சொல்லமாட்டார். மோதப்போகும்போது மட்டும் அழுத்துவார்.

'வாரக் கடைசி'க்கு ஒரு மறைமுக ஆசிரியர் உண்டு. கணவரின் தங்கை. நகராட்சியில் கட்டட அனுமதிப் பிரிவில் வேலை. அவர் பார்வையில் படாமல் ஒரு கழிப்பறை ஜன்னல்கூட இடம் மாற முடியாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் தொகுப்பு முதலில் நாத்தனாருக்குத்தான் போகும். பத்து நிமிஷத்தில் பதில் வரும். "அண்ணி, மூணாவது பழசு. போன தடவ தேர்தலுக்கு முன்னாடி வந்தது." "அண்ணி, அந்தப் படம் நிஜமில்ல, கம்ப்யூட்டர் போட்டது. வெரல எண்ணிப் பாருங்க." செய்தித்துறை சும்மா விட்டுவிடுகிறவர் அல்ல. பழசு என்றால் எவ்வளவு பழசு, யாருக்குப் பழசு என்று ஒரு மணி நேரம் போனில் சண்டை நடக்கும். கணவர் அந்த இருவருக்கும் நடுவில் காலை பிரேக்கின்மேல் வைத்துக்கொண்டு டி.வி. பார்ப்பார். அந்தச் சண்டைதான் செய்தித்துறையின் வாரத்திலேயே இனிப்பான மணி நேரம் என்பது அது நின்றுபோன பிறகுதான் தெரிந்தது.

நின்றது ஒரு கார்ட்டூனால். அலுவலக மேசை, அதன் பின்னால் தலை சாய்ந்த ஊழியர், முழங்கைக்கும் மேசைக்கும் நடுவே சிலந்திவலை, எதிரே நிற்கும் வரிசையில் கடைசி ஆள் இளைஞன், முதல் ஆள் கிழவன். அந்த வெள்ளிக்கிழமை நாத்தனாரிடமிருந்து பதில் வரவில்லை. வேலை அதிகமாக இருக்கும் என்று நினைத்துச் செய்தித்துறை தானே வெளியிட்டுவிட்டார். மேலே இரண்டு வரி: "முறைக்காதீர்கள், சிரியுங்கள். நம் வீட்டிலும் ஒருவர் உண்டு." செல்லமாகத்தான் எழுதினார். குழுவில் நாற்பது சொச்சம் பேர். மஞ்சள் முகங்கள் வரிசையாகக் கண்ணில் நீர் வரச் சிரித்தன. வீட்டு வரைபடம் மாதக்கணக்கில் அனுமதியில்லாமல் கிடக்கும் சித்தப்பா, "உண்மை, உண்மை" என்று இரண்டு முறை எழுதினார். அவர் மாடிப்படியைப் பக்கத்து வீட்டுக்காரர் நிலத்தில் வரைந்திருந்தார் என்பதை எழுதவில்லை.

நாத்தனார் மதியம் ஒரு வரி போட்டார். "பாத்தேன் அண்ணி. நல்லா இருக்கு."

அதோடு சரி. அடுத்த வெள்ளிக்கிழமை தொகுப்பு போனது. படித்ததற்கு அடையாளமாக இரண்டு நீலக் கோடு வந்தது, பதில் வரவில்லை. அதற்கடுத்ததும் அப்படியே. ஒரு பிறந்தநாள் விருந்தில் நேருக்கு நேர் சந்தித்தபோது, "சௌக்கியமா இருக்கீங்களா அண்ணி? சாப்பிட்டீங்களா?" என்று விசாரித்துவிட்டு நாத்தனார் அடுத்த மேசைக்குப் போனார். திட்டியிருந்தால் திருப்பித் திட்டலாம். மரியாதையை என்ன செய்வது?

"நேரா போய் சாரின்னு சொல்லேன்" என்றார் கணவர்.

"அதெல்லாம் எனக்கு வராது."

"உலகத்துல உள்ள எல்லாத்தப் பத்தியும் ரெண்டு வரி எழுதற. இதுக்கு வராதா?"

"அதுலல்லாம் லிங்க் இருக்கும்."

ஆகவே லிங்க் மூலமாகவே முயன்றார். அலுவலக ஊழியர்களின் கைகளை மட்டும் எடுத்த ஒரு புகைப்படத் தொடரைத் தேடிப் பிடித்து முதல் இடத்தில் போட்டார். மேலே, "இந்தக் கைகள் இல்லாவிட்டால் நாமெல்லாம் கூரையில்லாமல் நிற்போம்." நாத்தனாரிடமிருந்து சத்தமில்லை. சித்தப்பாதான் எழுதினார்: "அந்தச் சிலந்தியே நல்லா இருந்துது."

அப்போதுதான் செய்தித்துறைக்கு அந்தத் துர்ப்புத்தி தோன்றியது. தப்பைக் கண்டால் கை அரிக்கும் பிறவி அந்த நாத்தனார். தப்பையே போட்டால்?

முதலில் ஆக்டோபஸ். மீன் காட்சியகத் தொட்டியிலிருந்து குழாய் வழியாகத் தப்பித்துக் கடலுக்குப் போனதாக வரும் பழைய செய்தி. முன்பு நாத்தனாரே ஒருமுறை பிடித்து நிறுத்தியது. அதை "இந்த வாரம்" என்று போட்டார். குழு கைதட்டியது. நாத்தனார் இல்லை. அடுத்த வாரம், கம்ப்யூட்டர் வரைந்த ஒரு வயலின் கலைஞரை நிஜ ஆளென்று போட்டார். வில்லைப் பிடித்த கையில் ஆறு விரல், யாரும் எண்ணாமலே தெரியும்படி. "என்ன ஒரு விரல் லாகவம்" என்றார் சித்தப்பா. அதற்கடுத்த வாரம் ஏதோ ஒரு வெளிநாட்டுப் பாலம். நேற்றுத் திறந்ததாக எழுதினார். படம் கருப்பு வெள்ளை. பாலத்தில் நின்றவர்கள் எல்லாரும் தொப்பி போட்டிருந்தார்கள். ஓரத்தில் ஒரு குதிரை வண்டி. சித்தப்பா அந்த நாட்டு அரசாங்கத்தை மனமார வாழ்த்தினார்.

பின்னறை முக்காலியில் உட்கார்ந்து செய்தித்துறை அந்த வாழ்த்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பதினோரு கட்டைவிரல்கள், நான்கு "அருமை", ஒரு கும்பிடு. இத்தனை காலமும் ஊரே படிக்கிறது என்று நினைத்திருந்தார். படித்தவள் ஒருத்திதான். அவளும் இப்போது பேசமாட்டேன் என்கிறாள். ரொட்டியைக் கீழே வைத்தார். முதல் இடத்துக்குப் போக அங்கே ஒன்றுமில்லை.

வியாழக்கிழமை சாப்பாட்டின்போது கணவர் பருப்பைக் கிளறியபடியே கேட்டார்.

"உனக்கு ஏதாவது மறதி கிறதி வருதா?"

"ஏன்?"

"என் தங்கச்சி போன் பண்ணா. அண்ணி நல்லா இருக்காங்களான்னா. கல்லு மாதிரி இருக்கான்னேன். அப்பறம் ஏன் கருப்பு வெள்ளைப் பாலம்ங்கறா. மூணு வாரமா பாக்கறாளாம். டாக்டர்கிட்ட காட்டச் சொல்றா. அழுவற மாதிரி இருந்துது குரல்."

செய்தித்துறை தட்டைப் பார்த்துக் குனிந்தார்.

"நீ என்ன சிரிக்கறியா?"

"பல்லுல ஏதோ மாட்டிருக்கு."

மறுநாள் மதியம் கடைக் கதவு திறந்தது. நாத்தனார். அலுவலக அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து எடுக்கக்கூட மறந்து வந்திருந்தார். மூக்கிலிருந்த கண்ணாடியைக் கழற்றி நீட்டினார்.

"காம்பு லூசா இருக்கு அண்ணி. குனிஞ்சா விழுது."

வாங்கிப் பார்த்தார். காம்பு இறுக்கமாகத்தான் இருந்தது. "ஆமா, லூசுதான்" என்று தானும் ஒரு பொய்யை அதன்மேல் வைத்துவிட்டு, சின்னத் திருப்புளியை எடுத்து இல்லாத தளர்வை முடுக்க ஆரம்பித்தார்.

நாத்தனார் நாற்காலியில் உட்கார்ந்து, சுவரில் இருந்த கண் பரிசோதனை எழுத்துகளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். கண்ணாடி இல்லாமல் அவருக்கு அந்தச் சுவரே தெரியாது.

"இன்னிக்கு என்ன கிழமை அண்ணி?"

"வெள்ளி."

"காலைல என்ன சாப்பிட்டீங்க?"

"ரொட்டி. அடுத்து மறதி டாக்டர் மாதிரி நூறுலேருந்து ஏழு ஏழா கழிக்கச் சொல்லப்போறியா?"

நாத்தனார் முகம் சுருங்கியது. "அண்ணன் உளறிட்டாரா?"

"அவர் வாயில பிரேக் எங்க இருக்கு?"

திருப்புளி நின்றது. செய்தித்துறைக்கு எதிரே இரண்டு வழிதான் இருந்தன. நோயாளியாக இருந்துவிட்டால் அன்பு கிடைக்கும், வாராவாரம் விசாரிப்பும் கிடைக்கும். உண்மையைச் சொன்னால், வந்தவள் எழுந்து போய்விடவும் கூடும்.

"தெரிஞ்சேதான் போட்டேன்" என்றார்.

"எத?"

"பாலத்த. அந்த ஆறு வெரல் ஆள. ஆக்டோபஸ."

"எதுக்கு?"

"நீ கேப்பேன்னு."

 நாத்தனார் வெறும் கண்களால் வெகுதூரத்தைப் பார்ப்பதுபோல் மேசையைப் பார்த்தார்.

"ஆக்டோபஸ் அன்னிக்கே எழுதினேன் அண்ணி. எழுதி எழுதி அழிச்சேன். சித்தப்பா வாழ்த்து சொன்னாரு பாருங்க, போனத் தூக்கி சோபால எறிஞ்சேன்."

இருவரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். ஆனால் சிரிப்பு அதிக தூரம் போகவில்லை.

"படம் பரவால்ல. மேல ஒரு வரி எழுதினீங்கல்ல, அதுதான். அன்னிக்கு லீவு நாள். நான் ஆபீஸ்ல இருந்தேன். ரெண்டு பேர் வேலைய விட்டுட்டாங்க, அவங்க மேசையும் என் தலைலதான். மதியம் சாப்பிட உக்காந்து போனத் தொறந்தா, மொத்தக் குடும்பமும் என்னப் பாத்து சிரிக்குது."

செய்தித்துறை வாயைத் திறந்தார். உலகத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் ஏதாவது ஒன்று சேமித்து வைத்திருப்பவர். விளக்குக் கம்பத்துக்கு இருக்கிறது, நாற்காலிக்கு இருக்கிறது. இதற்கு ஒன்றும் அகப்படவில்லை. வாயை மூடிக்கொண்டு போனை எடுத்தார். நின்றபடியே, அழித்து அழித்து, எதையோ தட்டினார். நாத்தனாரின் பைக்குள் ஒரு மணியோசை கேட்டது.

"கண்ணாடி உங்ககிட்ட இருக்கு" என்றார் நாத்தனார்.

செய்தித்துறை தானே மாட்டிவிட்டார். இரண்டு காம்பையும் காதுக்குப் பின்னால் செருகி, முடியை ஒதுக்கி, சட்டம் நேராக இருக்கிறதா என்று கொஞ்சம் பின்னால் சாய்ந்து பார்த்தார்.

"நேரா பாரு. என் மூக்கப் பாரு."

நாத்தனார் மூக்கைப் பார்க்கவில்லை.

பிறகு போனை எடுத்துப் படித்தார். குழுவில் எல்லாருக்குமாக வந்திருந்தது: "அன்று நான் போட்ட படத்தில் தூங்குகிறவர் எங்கள் வீட்டில் இல்லை. எங்கள் வீட்டுப் பெண் அந்த லீவு நாளிலும் வேலை செய்துகொண்டிருந்தாள். எழுதியது தப்பு. தப்பு என்னுடையது."

நாத்தனார் விரலால் திரையை மேலும் கீழும் தள்ளினார். "லிங்க் எங்க அண்ணி?"

"இதுக்கு இல்ல."

அதற்குள் சித்தப்பாவின் கட்டைவிரல் வந்துவிட்டது. கூடவே "அருமை".

நாத்தனார் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டார். கையை நீட்டினார். "நாளைக்கு உள்ளதக் காட்டுங்க."

செய்தித்துறை தன் போனைக் கொடுத்தார். நாத்தனார் படித்துக்கொண்டே போய் மூன்றாவதில் நின்றார். நகத்தால் இரண்டு முறை தட்டினார்.

"இது பழசு."

அதைச் செய்தித்துறை பொறியாக வைக்கவில்லை. இந்த வாரத்தில் உருப்படியானது என்று நம்பியது அது ஒன்றைத்தான். "இல்லம்மா, இது நேத்துதான்..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். தன் கண்ணாடியைக் கழற்றினார். மேசை இழுப்பறையிலிருந்து, வாடிக்கையாளர்களுக்கென்று வைத்திருக்கும் மஞ்சள் துணியை எடுத்தார். இரண்டு கட்டைவிரல் ரேகையும் போகும்வரை, முன்பக்கமும் பின்பக்கமும் நிதானமாகத் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மாட்டிக்கொண்டு, நாத்தனாரின் தோளுக்குமேல் குனிந்தார்.