துருக்கிக்கு விழுந்த காரைக்கால் ஓட்டுகள்

பிள்ளைகளா, லீவுக்குப் புதுச்சேரியிலிருந்து வந்து இறங்கியதும் உங்களைப் பிடித்து உட்கார வைத்துக் கணக்குப் போடச் சொல்லி உயிரை எடுக்கிறாரே உங்கள் அத்தை, அவர் மேல்படிப்புக்குப் போன கதையை எழுதி வைக்கிறேன். எனக்கு அவள் அக்கா, அதனால் அக்கா என்றே எழுதுவேன். இதில் அத்தை என்று வந்தால் அது என் அத்தை, என் அப்பாவின் தங்கை, பாரிஸில் இருப்பவர். குழம்பிக்கொள்ளாதீர்கள்.

இரண்டாயிரத்துச் சொச்சம் அது. எனக்குப் பத்து வயதிருக்கும். காரைக்கால் பக்கம் திருமலைராயன்பட்டினத்தில் இருந்தோம். அக்கா கல்லூரியில் புள்ளியியல் பட்டம் முடித்துவிட்டு, புதுச்சேரிக்குப் போய் மேலே படிக்க வேண்டும் என்றிருந்தாள். அப்பாவுக்கோ திருவாரூரிலிருந்து வந்திருந்த ஒரு ஜாதகத்தின் மேல் கண். பையனுக்கு பேங்க் வேலை. டிகிரி வாங்கியாச்சு, போதும் என்று முடித்துவிட்டார். அக்கா சோற்றுத் தட்டின் முன்னால் அழுவாள். அப்பா தட்டைப் பார்த்தே சாப்பிடுவார். அம்மா நடுவில் நின்று இரண்டு பேருக்கும் ரசம் ஊற்றுவார்.

அந்த மே மாதம் அத்தையின் கணவர், அதாவது மாமா, ஊரில் வீடு கட்டும் வேலையாகப் பாரிஸிலிருந்து தனியாக வந்து எங்களோடு தங்கியிருந்தார். காலையில் கொத்தனாரோடு சண்டை, மாலையில் எங்களிடம் பிரான்ஸ் பெருமை. அந்த ஊரில் மழைகூட வரிசையில் நின்றுதான் பெய்யும் என்பது போலப் பேசுவார். அப்படித்தான் ஒருநாள் ஐரோப்பிய நாடுகளுக்குள் வருடாவருடம் நடக்கும் பாட்டுப்போட்டியைப் பற்றிச் சொன்னார். நாட்டுக்கு ஒரு பாட்டு. ஜனங்கள் வீட்டில் இருந்தபடியே டிவியில் பார்த்துப் போனில் ஓட்டுப் போடலாம். தன் நாட்டுக்கு மட்டும் போட முடியாது. ஒவ்வொரு நாடும் தனக்குப் பிடித்த பாட்டுக்குப் பன்னிரண்டு மதிப்பெண் கொடுக்கும். அதுதான் உச்சம்.

“எங்காளுங்க பாட்டு நல்லாருந்தாதான் போடுவாங்க. ஆளு மூஞ்சியப் பாத்துல்லாம் போட மாட்டாங்க” என்றார்.

அக்காவுக்கு யாரோ சவால் விட்டது போல ஆகிவிட்டது. மறுநாளே பிரவுசிங் சென்டருக்குப் போய், முந்தைய வருடங்களில் எந்த நாடு எந்த நாட்டுக்கு எவ்வளவு போட்டது என்று எழுதிக்கொண்டு வந்தாள். பழைய காலண்டர் தாள்களைத் திருப்பி ஒட்டிக் கட்டம் போட்டாள். கட்டத்துக்கு ஸ்கெட்ச் பேனாவில் வண்ணம் அடித்தது நான். அதிகம் கொடுத்தால் சிவப்பு. அடித்து முடித்துப் பார்த்தால் சிவப்பெல்லாம் கூட்டம் கூட்டமாக நின்றது.

ஏன் இப்படி என்று கேட்டேன்.

“ரம்ஜானுக்கு அடுத்த வூட்டுலேர்ந்து நோன்புக் கஞ்சி வருதுல்ல, அந்தத் தூக்கு திரும்பிப் போறப்ப வெறுந்தூக்கா போவுதாடா?”

“போவாது. முறுக்கு போட்டுக் குடுப்பாங்க அம்மா.”

“அவ்வளவுதான். பக்கத்து நாடுங்க மாத்தி மாத்திப் போட்டுக்குதுங்க.”

ஆனால் பிரான்ஸ் கட்டத்தில் துருக்கிக்கு நேராகவும் சிவப்பு இருந்தது. துருக்கி பக்கத்தில் இல்லையே என்றேன். பிழைக்கப் போன துருக்கிக்காரர்கள் பிரான்சில் ஏகப்பட்ட பேர் இருக்கிறார்கள், போனை எடுத்து அழுத்துவது அவர்கள்தான் என்றாள். இந்த வருடமும் பிரான்சின் பன்னிரண்டு துருக்கிக்குத்தான் என்று மாமாவிடம் அடித்துச் சொன்னாள்.

மாமாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. “அது மட்டும் நடந்துட்டா, மச்சான்கிட்ட நானே பேசி ஒன்ன புதுச்சேரிக்கு அனுப்பி வெக்கிறேன். நடக்கலன்னா மூச்சு காட்டாம திருவாரூருக்குக் கழுத்த நீட்டணும்.”

அக்கா காலண்டர் தாளை இன்னொரு தடவை பார்த்தாள். பிறகு சரி என்றாள். வீட்டு மாப்பிள்ளை சொன்னால் அப்பா தட்ட மாட்டார் என்பது அவளுக்குத் தெரியும். அப்பா பேப்பரைத் தூக்கிப் பிடித்து முகத்தை மறைத்துக்கொண்டார். சிரித்தாரோ என்னவோ.

சனிக்கிழமை சாயங்காலங்களில் அத்தை போன் செய்வார். போட்டி நாளும் சனிக்கிழமைதான். பெரியவர்கள் எல்லோரும் கட்டுகிற வீட்டைப் பார்க்கப் போயிருந்ததால் நான்தான் எடுத்தேன். எடுத்ததும் எல்லாவற்றையும் கொட்டினேன். துருக்கி வரவில்லையென்றால் அக்காவைக் கட்டிக்கொடுத்துவிடுவார்கள் என்றேன்.

“அவளுக்கு நெசமாவே படிக்கணுமாடா?”

“தெனம் அழுவுதுங்க அத்த.”

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதென்று ஹலோ ஹலோ என்று கத்தினேன். பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை எழுதிய கையோடு கல்யாணமாகிப் பிளேன் ஏறியவர் அத்தை. அதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது.

“கத்தாதடா, இருக்கேன். துருக்கிதான? வெச்சிடு” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் அடித்தது. மாமா எடுத்தார். காதில் வைத்தவர் ம், ம் என்றார். முகம் ஒரு மாதிரி போனது. பிறகு வயிறு குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். அக்கா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“துருக்கிதான்” என்றார் மாமா.

பிறகுதான் முழுக்கதையும் வந்தது. நான் போனை வைத்ததும் அத்தை, அங்கேயிருக்கும் காரைக்கால் குடும்பங்களுக்கெல்லாம் போன் போட்டிருக்கிறார். நம்ம வீட்டுப் பெண் படிப்பதற்காகத் துருக்கிக்கு ஓட்டுப் போடுங்கள் என்பதுதான் அவர் சொன்னது. செய்தி ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகப் போக, நம்ம ஊர்ப் பெண் துருக்கிக்காகப் பாடுகிறாள் என்று ஆகியிருக்கிறது. நம் பக்கத்து ஊரான கருக்களாச்சேரிக்காரர் ஒருவர், வீட்டில் இருந்த எல்லார் செல்போனிலிருந்தும் ஓட்டுப் போட்டுவிட்டு, நம்ம பெண் எப்போது வரும் என்று கடைசிவரை டிவி முன்னால் காத்திருந்தாராம். வராததும் அத்தைக்குப் போன் செய்து, வேட்டி கட்டிய கூட்டம் என்று நம்ம பெண்ணை ஒதுக்கிவிட்டார்களா என்று சண்டைக்கு வந்தாராம்.

எல்லோரும் சிரிக்க, அக்கா மட்டும் என் காதைத் திருகினாள். “கணக்கக் கெடுத்துட்டியேடா. இப்ப அது தானா வந்துச்சா, நீங்க போட்டு வந்துச்சான்னு எப்படித் தெரியும்?”

மாமா விடவில்லை. “ஏம்மா, பொழைக்கப் போன எடத்துல சொந்த ஊரு ஆளுக்குத்தான் ஓட்டு போடுவாங்கன்னு நீதான சொன்ன? காரைக்கால்காரன் மட்டும் ஒன் கணக்குல வரமாட்டானா?”

அக்கா என் காதை விட்டுவிட்டுச் சிரித்தாள். அழுதுகொண்டும் இருந்தாள்.

மாமா அப்பா பக்கம் திரும்பினார். “மச்சான், திருவாரூர்க்காரங்களுக்கு ஒரு வார்த்த சொல்லி அனுப்பிடுங்க.”

அப்பா பேப்பரை மடித்து வைத்தார். “ஹாஸ்டல் சாப்பாடு எப்படியிருக்கும்னு விசாரிங்க, மாப்ள” என்றார். அவ்வளவுதான்.

ஒரு நாடு முழுக்கப் போட்ட ஓட்டில் நம் ஊர் ஓட்டு எந்த மூலைக்கு, அது இல்லாமலும் துருக்கிதான் வந்திருக்கும் என்று அக்கா பிற்பாடு எத்தனையோ தடவை சொல்லிவிட்டாள். சரியாகத்தான் இருக்கும். ஆனால் அன்று நான் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன், நான்தான் ஜெயிக்க வைத்தேன் என்று. ஜெயித்தால் அக்கா வீட்டில் இருக்கமாட்டாள் என்பது மட்டும் என் மண்டையில் ஏறவே இல்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு அப்பாவும் அவளும் புதுச்சேரி பஸ்ஸில் ஏறியபோதுகூட, ஜன்னல் ஓரம் பிடி என்று கத்திக் கை தட்டியவன் நான்.

வீட்டுக்கு வந்தேன். கொல்லையில் அவளுடைய சைக்கிள் நின்றது. இனி எனக்குத்தான் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். ஸ்பேனர் எடுத்து சீட்டை என் உயரத்துக்கு இறக்கி, ஏறி உட்கார்ந்து பார்த்தேன். கால் நன்றாக எட்டியது. பிறகு இறங்கி, சீட்டைப் பழையபடி அவள் உயரத்துக்கே ஏற்றி, நட்டை இறுக முடுக்கி வைத்தேன்.