பால் சுறாவும் ஒரு காலிப் போத்தலும்

மீன் வாங்குவதற்கே சம்பளம் தரும் வேலையும் உலகத்தில் இருக்கிறது. வாங்கிய மீனைத் தின்னத்தான் மனசு வராது. பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்றில் எனக்கு அந்த வேலை. சோபா பஞ்சிலும் டிவி பெட்டியிலும் சீக்கிரம் தீப்பிடிக்காமலிருக்க ஒரு மருந்து கலக்கிறார்கள். அது தூசியாக உதிர்ந்து, கால்வாய், ஆறு, கடல் என்று போய், மீனின் கொழுப்பில் தங்கி, நம் தட்டுக்கே திரும்பி வருகிறது. எவ்வளவு வருகிறது என்று பார்க்கத்தான் சந்தையில் மீனும், வீடுகளில் தாய்ப்பாலும் வாங்கி வருவேன். மீன் குழம்பு இல்லாமல் சோறு இறங்காத என் இனத்தவரே, என் கஷ்டம் உங்களுக்குப் புரியாதா என்ன!

கருகாத மீன்

செலாயாங் மொத்தச் சந்தையில் சேகர் அண்ணன் கடையில்தான் வாங்குவேன். எல்லாவற்றிலும் பெரியது ஒன்று, சின்னது ஒன்று என்று நான் பொறுக்குவதில் அவருக்கு நெடுநாள் சந்தேகம். ஒரு நாள் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். வியாபாரத்தைக் கெடுக்க வந்தவள் என்று விரட்டுவாரோ என்று பயம். அவர் கத்தியைத் துடைத்துக்கொண்டே யோசித்தார்.

"தீப்பிடிக்காத மருந்தா? அப்ப நம்ம மீனு சட்டியில கருகாதுன்னு போர்டு எழுதி மாட்டிரவா தங்கச்சி?"

புரட்டாசி

தமிழ்க் குடும்பங்கள் எவ்வளவு மீன் சாப்பிடுகின்றன என்று கேட்டு வர எங்கள் தலைவர் அனுப்பினார். அவர் சீனர். பிரிக்பீல்ட்ஸில் மாடி மாடியாக ஏறினேன். எல்லா வீட்டிலும் ஒரே பதில், இந்த மாதம் மீனே இல்லை. இந்தியர்கள் மீன் தொடுவதில்லை என்று அவர் சந்தோஷமாக எழுத உட்கார்ந்துவிட்டார். புரட்டாசி என்று அவருக்குத் தெரியாது, சரி. வீட்டில் சாம்பார் வைத்துவிட்டு வந்த எனக்குமா உறைக்கவில்லை? கடைசி வீட்டு ஆன்டிதான் சிரித்துக்கொண்டே சொன்னார்.

"ஐப்பசி பொறக்கட்டும், அப்ப வாம்மா. நான் சாப்பிடுறதப் பாத்து ஒன் கம்ப்யூட்டரே பயந்துரும்."

பால் சுறா

கிள்ளானில் நான் தாய்ப்பால் வாங்கப் போன வீட்டில் கவிதாவுக்கு அப்போதுதான் தலைப்பிள்ளை. பால் நன்றாக ஊறட்டும் என்று அவள் அம்மா பால் சுறாவை அவித்து உதிர்த்து, பூண்டு போட்டுப் புட்டு கிளறிக்கொண்டிருந்தார். வாசனை வாசலுக்கே வந்துவிட்டது. எனக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம். எனக்கும் ஒரு நாள் யாராவது இப்படிப் பூண்டு உரிக்க மாட்டார்களா என்று ஏக்கமாக இருந்தது.

சுறா சாப்பிடலாமா என்று கவிதா கேட்டாள். பால் கொடுப்பதை நிறுத்தாதே, மீனையும் விடாதே, மற்ற மீனைத் தின்று வளரும் பெரிய மீனில்தான் மருந்து அதிகம் சேரும், சுறாவுக்குப் பதில் சின்ன மீன் சாப்பிடு என்று, ஆய்வகத்தில் சொல்லிக் கொடுத்ததை ஒப்பித்தேன். அம்மா கரண்டியை வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீ எத்தன பிள்ளைக்குப் பால் குடுத்தம்மா?"

சோபா

அன்றைக்கு வீட்டுக்கு வந்து அழுதேன். இந்த மருந்து கரு தங்குவதைத் தள்ளிப் போடலாம் என்கிறார்கள். பிள்ளை வர வேண்டுமே என்றுதான் நான் பெரிய மீனை நிறுத்தியதும், பஞ்சு உதிர்ந்த பழைய சோபாவைத் தூக்கிப் போட்டதும். என் வீட்டுக்காரருக்கு மீன் தலைக் கறி என்றால் உயிர். பாவம், பாயில் உட்கார்ந்து நெத்திலி சம்பலைச் சோற்றில் பிசைந்துகொண்டிருந்தார். எனக்கும் ஒரு வாய் ஊட்டிவிட்டு, கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"மீன் தலையும் போச்சு, சோபாவும் போச்சு. நாளைக்கு நம்ம பிள்ள எதுல ஏறிக் குதிக்கும், சொல்லு?"

மிச்சம்

போன மாதம் ஆய்வு முடிந்தது. தாய்ப்பால் வாங்கப் போத்தல் எண்ணிக் கொடுக்கும் சல்மா அக்கா மேசையை ஒழித்துக்கொண்டிருந்தார். ஒரு புதுப் போத்தல் மட்டும் மிஞ்சியது. அதைத் துணியில் சுற்றி என் பைக்குள் வைத்தார். எதற்கு அக்கா என்றேன். என் முகத்தைப் பார்க்காமலே ஜிப்பை இழுத்து மூடினார்.

"வெச்சுக்கோ லா. ஒனக்கு வேணும்."

ஊரார் வீட்டுப் பாலையெல்லாம் சோதித்துக் கொடுத்தாயிற்று. என் வீட்டுப் போத்தல் நிரம்பத்தான் ஆள் இன்னும் பிறந்து வர வேண்டும்.