பச்சைப் பெட்டியின் பழைய ராணி

என் வீட்டுக்காரர் பெயர் நிக்காசியோ கவிச். அவரைப் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும் தங்கமான மனிதர் என்பார்கள். அந்தத் தங்கத்தோடு ஒரு வாரம் குடித்தனம் செய்து பார்க்கட்டும், அப்புறம் பேசலாம்.

அவருடைய அப்பா குடைந்த மரக்கட்டைக்குள், கொட்டாத சாதித் தேனீ வளர்த்தவர். எங்கள் கொல்லையில் ஓலைக் கொட்டகைக்குக் கீழே அந்தக் கட்டைகள் இன்னும் இருக்கின்றன. தெரியாமல் ஒரு தேனீ நசுங்கினால்கூட இலையில் சுருட்டிப் புதைப்பது அந்தக் குடும்பத்து வழக்கம். நல்ல வழக்கம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் பெட்டித் தேனீ வாங்கியபோது, ஊரில் எல்லோரும் பெட்டியைக் காட்டில் வைக்க, இவர் மட்டும் அப்பாவின் கட்டைகளுக்குப் பக்கத்திலேயே, பச்சை, நீலம் என்று பெட்டிக்கொரு நிறம் அடித்துக் கொண்டுவந்து வைத்தார். பெட்டித் தேனீ கொட்டும். அதிலும் பச்சைப் பெட்டிக் கூட்டம் ஆப்பிரிக்க முரட்டுத் தேனீயின் ரத்தம் கலந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் யாராவது தும்மினாலே கிளம்பிவிடும்.

ஒருநாள் பக்கத்து வீட்டு ஒதிலியாவின் வான்கோழிகளைக் கொட்டிக் கொன்றுவிட்டது. அவள் செத்த வான்கோழி ஒன்றைக் காலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்து என் வாசலில் நின்றாள்.

"இதை யாருக்கு ஆக்கிப் போடுறது? உன் புருஷனுக்கா, அவர் வளர்க்கிற பிசாசுங்களுக்கா?"

விஷயம் ஊர்த் தலைவர் வரை போனது. அவர் நேரில் வந்து சொன்னார்: "நிக்காசியோ அண்ணே, திருவிழா ஊர்வலம் உங்க தெரு வழியாத்தான் வரும். வாணம் விடுவாங்க, மேளம் அடிப்பாங்க. அன்னிக்கு ஒருத்தரைக் கொட்டினாலும் பெட்டி எல்லாம் காட்டுக்குப் போயிடணும். அப்புறம் என்னைக் கோவிச்சுக்காதீங்க."

காட்டுக்குப் பெட்டி போனால் இவர் தொழில் போச்சு. லாரியிலிருந்து விழுந்து இடுப்பு முறிந்த பிறகு கொல்லை வரைக்கும் நடப்பதே பெரும்பாடு. கல்லும் முள்ளுமான காட்டுப் பாதையில் எங்கே போவார்? தேனீ இல்லாவிட்டால் நாள் முழுக்க வலைத்தூளியில் படுத்துக்கொண்டு என் சமையலைக் குறை சொல்வார். 

வழி ஒன்றுதான் இருந்தது. சாதுவான ராணியை வாங்கிப் பச்சைப் பெட்டிக்குள் விட வேண்டும். அவள் இடும் முட்டையில் பிறப்பதெல்லாம் சாதுவாக இருக்கும், முரட்டுக் கிழங்கள் தானாகச் செத்து ஒழியும். நகரத்திலிருந்து ஒரு சின்னக் கம்பிவலைக் கூண்டில் ராணி வந்தாள். கூண்டின் வாயைச் சர்க்கரைப் பாகு உருண்டையால் அடைத்திருந்தார்கள். கூட்டம் அந்தச் சர்க்கரையைத் தின்று வழி திறப்பதற்குள் புது ராணியின் வாசனை பழகிவிடும் என்பது கணக்கு. ஆனால் பழைய ராணியை முதலில் கொன்றுவிட வேண்டும். வீட்டில் ஒருத்தி இருக்கும்போது இன்னொருத்தியை எந்தக் கூட்டம் சேர்த்துக்கொள்ளும்?

"பழையவளை நசுக்கியாச்சா?" என்று கேட்டேன்.

"ஆச்சு, ஆச்சு. நீ போய் அடுப்பைப் பாரு."

சில நாளில் புது ராணி பெட்டி வாசலில் செத்துக் கிடந்தாள். விற்றவனைத் திட்டித் தீர்த்தார். "கிழட்டு ராணியை என் தலையில கட்டிட்டான்!" இன்னொன்று வாங்கினோம். அதுவும் செத்தது. இந்தத் தடவை பழி என்மேல் விழுந்தது.

"நீ சோப்பு வாசனையோட பக்கத்துல வந்து நின்ன. அதான்."

"ஆமா, நான் குளிச்சதாலதான் ராணி செத்தா! இனிமே குளிக்கல. திருப்திதானே?"

மூன்றாவது கூண்டு வந்தது. அன்று புளிப்பு ஆரஞ்சு பறிக்கக் கொல்லைக்குப் போனேன். இவர் நொண்டி நொண்டி, கையில் ஒரு தீப்பெட்டியோடு ஆரஞ்சு மரத்தடிக்கு வந்தார். திறந்து ஓர் இலைமேல் தட்டினார். உள்ளேயிருந்து பச்சைப் பெட்டியின் பழைய ராணி, கருகருவென்று, நீள வயிற்றோடு இறங்கினாள். இவர் தொப்பியைக் கழற்றி மார்போடு வைத்துக்கொண்டார்.

"போயிட்டு வா தாயி."

தாயி எங்கும் போகவில்லை. ஒரு கைப்பிடித் தேனீக்கள் வந்து அவளைச் சூழ்ந்தன. கொஞ்ச நேரத்தில் மொத்தமாகக் கிளம்பிப் போய்ப் பச்சைப் பெட்டிக்குள்ளேயே நுழைந்தன. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அட பாவி மனுஷா! இத்தனை நாளும் இதைத்தான் பண்ணினீங்களா? ரெண்டு ராணி அநியாயமாச் செத்துச்சே, அதுங்க பாவமில்லையா?"

"எங்கப்பா ஒண்ணைக்கூட நசுக்கினதில்லடி. எனக்குக் கை வரல."

"எனக்கு வரும். தள்ளுங்க!"

முகவலையை மாட்டி, புகை போட்டு, தேனடைச் சட்டங்களை ஒவ்வொன்றாகத் தூக்கித் தேடிப் பிடித்து, கட்டைவிரல் நகத்தால் ஒரே அழுத்து. அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். கூண்டைச் சட்டங்களுக்கு நடுவில் நானே சொருகினேன். அவர் செத்தவளை இலையில் சுருட்டி ஆரஞ்சு மரத்தடியில் புதைத்தார். அன்றிலிருந்து என்னோடு பேச்சில்லை. நான் சுட்ட சோள ரொட்டி மட்டும் தவறாமல் உள்ளே போனது.

புது ராணியைக் கூட்டம் சேர்த்துக்கொண்டது. முட்டையும் இட்டாள். ஆனால் முட்டை தேனீயாகிப் பழசுகள் ஒழிய வேண்டாமா? துணி காயப்போடப் போனால் அப்போதும் என்னைத்தான் கொட்டின. திருவிழா நெருங்க நெருங்க எனக்குத் தூக்கம் போயிற்று. இந்த மனிதர் முதலிலேயே நசுக்கியிருந்தால் இப்படி வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு அலைய வேண்டுமா?

வாரங்கள் ஓடி, ஊர்வல நாளும் வந்தது. கொடிகள், ரிப்பன் கட்டிய பன்றித்தலையைத் தலையில் வைத்து ஆடுகிறவர்கள், மேளம். எங்கள் வேலிக்கு நேரே ஒரு வாணம் வெடித்து, புகைந்த குச்சி கொல்லைக்குள்ளேயே விழுந்தது. தேனீக்குப் புகை போடும் கருவியை மார்போடு பிடித்துக்கொண்டு நான் பச்சைப் பெட்டிக்குப் பக்கத்தில் ஓடினேன். பச்சைப் பெட்டி வாசலில் புது ராணியின் பிள்ளைகள் நாலைந்து எட்டிப் பார்த்தன. பிறகு உள்ளே போய்விட்டன.

போர்வையால் தலையை மூடி நின்ற ஒதிலியா அதை விலக்கிவிட்டுச் சிரித்தாள். ஊர்த் தலைவர் வேலியோரம் வந்து, "உங்க கைராசியே தனி அண்ணே! பெட்டி இங்கயே இருக்கட்டும்," என்றார். தங்கமான மனிதர் தலையை ஆட்டி ஏற்றுக்கொண்டார். என் பக்கம் ஒரு பார்வைகூட இல்லை. அதோடு விட்டாரா? ஊர்வலத்தில் வாங்கிய மெழுகுவர்த்தியைக் கொண்டுபோய் ஆரஞ்சு மரத்தடியில் ஏற்றிவைத்தார். செத்தவளுக்கு விளக்கு. இவர் பிழைப்பைக் காப்பாற்றினவளுக்கு ஒரு நல்ல வார்த்தை கிடையாது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஒதிலியா திருவிழாவுக்கு வாங்கிய வான்கோழியை, மிளகாயைக் கருக்கி அரைத்த கறுப்புக் குழம்பாக வைத்து ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பியிருந்தாள். அவர் முன்னால் டக்கென்று வைத்தேன். ரொட்டியைப் பிய்த்துத் தோய்த்துப் பாதி தின்றார். பிறகு மீதிக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்திவிட்டு, இத்தனை நாளுக்கு அப்புறம் வாயைத் திறந்தார்.

"அந்தக் கட்டைவிரல் நகத்தை வெட்டிடாத. நீலப் பெட்டி ராணியும் சரியில்ல."