ஏழாவது சோதனையின் சங்கிலிகள்

1986இல் எண்ணெய் விலை விழுந்து வளைகுடாவில் வேலை வற்றியபோது, அபுதாபியில் கமலேஸ்வரி இருந்த பொறியியல் அலுவலகம் வடதுருவப் பக்கத்து உறைகடல் வேலையொன்றைப் பிடித்தது. நங்கூரச் சங்கிலிகளில் கட்டி மிதக்கவிடும் எண்ணெய் மேடை அது. அதன் சிறு மாதிரியை ஐரோப்பாவில் ஒரு நீண்ட தொட்டியில் மிதக்கவிட்டு, பனிப்பாளத்தை மோதவிட்டார்கள். சங்கிலிகள் எவ்வளவு இழுபட்டன என்பது டெலக்ஸ் என்ற தொலைதட்டச்சு இயந்திரத்தில் எண்களாக வரும். அவற்றை வரைபடமாக்குவது கமலேஸ்வரியின் வேலை. யாழ்ப்பாணத்தில் கணக்கு ஆசிரியையாக இருந்தவள். பனிக்கட்டியை ஃப்ரிட்ஜில் மட்டும்தான் பார்த்திருந்தாள்.

ஏழாவது சோதனையை வரையும்போது பென்சில் நின்றுவிட்டது. பனி வடக்கிலிருந்து தள்ளுகிறது. மேடையும் தெற்கே நகர்கிறது. அப்படியென்றால் வடக்குச் சங்கிலி இறுக வேண்டும். எண்களிலோ அது தளர்ந்து, தெற்குச் சங்கிலி இறுகியிருந்தது.

மேலதிகாரி வெங்கட்ராமன் சென்னை மாம்பலத்துக்காரர். அவள் போய்ச் சொன்னதும், ஐரோப்பாவில் இருப்பவர்கள் நிபுணர்கள், வந்ததை வரைந்தால் போதும் என்றார். வியாழக்கிழமை அறிக்கை போக வேண்டும். இதை இப்படியே விடப்போவதில்லை என்று அன்றிரவு அறையில் சொன்னாள். உடன் தங்கியிருந்த செல்லம், வேலை போனால் விசாவும் போகும், சண்டையில் ஊர் கிடக்கிற கிடையில் எங்கே போவாய் என்று கேட்டாள்.

மறுநாள் காலை வெங்கட்ராமனின் மேசையில் ஒரு டீ கிளாஸை வைத்தாள். அதன் இரு பக்கமும் ரப்பர் வளையம் மாட்டி, வளையங்களை மேசை அட்டையில் குத்திய குண்டூசிகளில் கொளுவிக் கிளாஸை மெல்லத் தள்ளினாள்.

"சேர், ஒருக்காப் பாருங்கோ. கை வைச்சுத் தள்ளுற பக்கத்து ரப்பர்தானே இழுபடுது. தாளிலை மற்றப் பக்கமெல்லோ இழுபடுது."

"தப்பா இருந்தா அவாளே சொல்லியிருப்பாளே. நான் என்னன்னு போய்க் கேக்கறது?"

அவர் மீட்டிங்குக்குப் போனதும் அவள் டெலக்ஸ் முன் உட்கார்ந்தாள். யாரிடமும் அனுமதி கேட்காமல் சோதனைத் தொட்டிக்காரர்களுக்குக் கேள்வியை அடித்து, கீழே தன் பெயரையே போட்டு அனுப்பினாள்.

இரண்டு நாள் பதில் இல்லை. இயந்திரம் சடசடக்கும் ஒவ்வொரு தடவையும் எழுந்து ஓடினாள். எல்லாம் வேறு யாருக்கோ வந்தவை. புதன் மதியம் வந்தது: ஆறாவது சோதனைக்குப் பிறகு கருவியைப் பழுதுபார்த்தபோது இரண்டு வயர்கள் இடம் மாறிவிட்டன. அந்த எண்களை நம்பியிருந்தால், பனி வரும் பக்கத்துச் சங்கிலியை மெலிதாகப் போட்டிருப்பார்கள்.

அனுமதியில்லாமல் டெலக்ஸ் அனுப்பியதற்காக, வெங்கட்ராமனுக்கும் மேலே இருந்த மேலாளர் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார். அதில் கையெழுத்திட்டாள். திருத்திய அறிக்கையில் அவள் பெயர் இல்லை.

மாலையில் வெங்கட்ராமன் எட்டாவது சோதனையின் தாள்களோடு அவள் மேசைக்கு வந்து நின்றார்.

"இதையும் பாத்துடுங்கோ. நீங்க சரின்னா கையெழுத்துப் போடறேன்."

அவள் நாற்காலியை இழுத்து அவருக்கும் இடம் விட்டாள்.