பதினொன்றால் வகுபடாத புடவை

பட்டுப்புடவைக்கு லேபிள் எழுதும் வேலைக்கு வந்தால், மனிதர்கள் மேல் உள்ள நம்பிக்கைதான் முதலில் சாயம் போகும். என்னைப் போல விற்பனைக் கவுண்டருக்குப் பின்னால் உட்காரும் உங்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம்.

காஞ்சிபுரத்தில் எங்கள் நெசவாளர் சங்கத்துப் புடவை ஒவ்வொன்றுக்கும் ஏழு இலக்க எண் உண்டு. கம்ப்யூட்டர் தரும், நான் லேபிளில் எழுதித் தைப்பேன். எந்த எண்ணும் பதினொன்றால் மீதியில்லாமல் வகுபடும். மீதி வந்தால் போலி.

காணாமல் போன பத்து

அக்கா தங்கை கல்யாணத்துக்கு ஒரே மாதிரி இரண்டு புடவை எடுத்தார் ஒரு சென்னைக்காரர். ஒன்று 4728152, அடுத்தது 4728163. வாசல் வரை போனவர் திரும்பி வந்தார். அடுத்தடுத்து நெய்தது என்றால் எண்ணும் அடுத்தடுத்து வர வேண்டாமா என்று கேட்டார். பதினொன்று பதினொன்றாகத்தான் ஏறும் என்று பேப்பரில் வகுத்தே காட்டினேன். பேப்பரைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்தார்.

"கணக்கெல்லாம் இருக்கட்டும்மா. நடுவுல இருந்த பத்துப் புடவைய யாருக்குக் குடுத்தீங்க?"

ஏனாத்தூர் மாணவி

அம்மாவோடு வந்த ஒரு ஏனாத்தூர் காலேஜ் பெண், எண்ணைப் பற்றி ஆசையாகக் கேட்டாள். பெருமை தாங்காமல் குறுக்குவழியையும் சொன்னேன்: இலக்கங்களை ஒன்றுவிட்டு ஒன்றாகக் கூட்டி, இரண்டு கூட்டுத்தொகையையும் கழித்தால் பூஜ்யமோ பதினொன்றின் மடங்கோ வர வேண்டும். அவள் யோசித்துவிட்டு, "அக்கா, எவனாவது கண்ண மூடிக்கினு ஒரு நம்பர் எழுதினாலும், பதினொண்ணுல ஒண்ணு பாஸ் ஆயிடுமே!" என்றாள். அவள் அம்மா பில் போட்ட புடவையைப் பையிலிருந்து வெளியே எடுத்தார்.

"எங்களுது அந்த ஒண்ணா இருந்தா?"

மீதி ஒன்று

வேலூர்க்காரர் ஒருவர், சொந்தக்காரர்கள் சந்தேகப்படுகிறார்கள் என்று புடவையோடு வந்தார். எண் 4735028. வகுத்தேன், மீதி ஒன்று. "லேபிள் போலி சார்" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னேன். நெய்தவர் குறியைப் பார்த்தால் ஐயம்பேட்டை ஏகாம்பரம் அண்ணன். இருபது வருஷ உறுப்பினர். போலி என்று ஆனால் சங்கத்திலிருந்து நீக்கிவிடுவார்கள்.

ஆள் அனுப்பியதும் அண்ணன் தறியை நிறுத்திவிட்டு வந்தார். "லேபிள் எங்க வாங்கினீங்க?" என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "நீ தெச்சதுதாம்மா. கம்ப்யூட்டர்ல என் பேருக்கு ஏத்தியிருக்கிறதப் பாரு" என்றார்.

பார்த்தேன். அவர் பெயரில் இருந்தது 4730528. பூஜ்யமும் ஐந்தும் இடம் மாறியிருந்தன. பக்கத்துப் பக்கத்து இலக்கம் மாறினால் பதினொன்று கட்டாயம் காட்டிக்கொடுக்கும். காட்டிக்கொடுத்தது என்னைத்தான்: லேபிளில் ஏழுக்குக் குறுக்கே கோடு போட்டிருந்தது, அது என் கையெழுத்து. புது லேபிள் எழுதி, எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். அவர் புது எண்ணை நிதானமாக ஒருமுறை படித்துப் பார்த்தார்.

"நம்பர் மேல சந்தேகப்பட்ட, என் மேல சந்தேகப்பட்ட. எழுதின கைய மட்டும் ஏம்மா உட்டுட்ட?"

இப்போதெல்லாம் நான் எழுதும் எண்ணைப் பக்கத்து சீட்டுக்காரி சரிபார்க்கிறாள், அவள் சரியாகத்தான் பார்க்கிறாளா என்று நான் ஒரு கண் வைத்திருக்கிறேன்.