பிரபாவதி போகாத நியூயார்க்

துபாய் அல் குசைஸில் ஒரு டிராவல்ஸ் கவுண்டரில் இருபத்திரண்டு வருஷமாக டிக்கெட் போடுகிறாள் பிரபாவதி. நியூயார்க்குக்கு அவள் அனுப்பிவைத்த ஆட்களை வரிசையாக நிறுத்தினால் வால் ஷார்ஜாவைத் தாண்டிக் கடலில் நனையும். அவள் போனதில்லை. ஆனாலும் அந்த ஊரின் சந்துபொந்தெல்லாம் அவளுக்கு அத்துபடி. போய்வந்தவர்கள் அடுத்த டிக்கெட்டுக்கு வரும்போது கதையை இறக்கிவைத்துவிட்டுத்தானே போவார்கள்!

ஆரம்பத்தில் வந்ததெல்லாம் பயமுறுத்துகிற பழைய கதைகள். கிறுக்கிவைத்த ரயில் பெட்டி, பின்னாலேயே வரும் காலடி. அப்புறம் வந்தவர்கள் விளக்கையும் நாடகத்தையும் பேசினார்கள். இப்போது வருகிறவர்கள் ஒரு காபிக்கு முக்கால் மணி நேரம் நின்றதைச் சொல்லி அலுத்துக்கொள்கிறார்கள்.

பிரபாவதி வீட்டுக்கு எடுத்துப்போனது அந்தப் பழைய ஊரை மட்டும்தான். கூடவே கொஞ்சம் தாளித்துப் போடுவாள். அதற்குக் காரணம் கணவர் கல்யாணசுந்தரம். கட்டட வேலை நடக்கும் சைட்டில் சேஃப்டி ஆபீசர். கல்யாணத்தன்று அக்கினியை வலம் வருமுன் மணல் வாளி எங்கே என்று சாஸ்திரிகளிடம் கேட்டவர் என்று திருச்சியில் இன்னும் பேச்சு. அந்த மனிதர் சாப்பிடும்போது நிமிர்ந்து மனைவி முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால், கதையில் ஓர் ஆபத்தாவது இருக்க வேண்டும்.

இந்த வருஷம் அது அவள் தலையிலேயே விடிந்தது. மகள் சுஷ்மிதாவுக்கு நியூயார்க்கில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டது. வருகிறேன் என்று வியாழன் மதியத்துக்குள் பதில் போட வேண்டும். புதன் சாயங்காலம் கல்யாணசுந்தரம் ஒரு தாளைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் வைத்தார். சைட்டில் புது வேலை தொடங்குமுன் என்னென்ன ஆபத்து என்று நிரப்புவார்களே, அந்த ரிஸ்க் படிவம். பதினேழு ஆபத்துகள். கடைசியில் ‘அனுமதி இல்லை’, அதன் கீழ் கையெழுத்து.

“பதினொண்ணாவது என்னப்பா? ‘கூரையிலிருந்து எலி விழுதல்’?”

“உங்கம்மா சொன்னது. கன்னுக்குட்டி சைஸாம்.”

பிரபாவதி ஃபிரிட்ஜைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். எடுக்க ஒன்றுமில்லை. அவள் காதெல்லாம் காலிங்பெல்லில் இருந்தது. தேராவில் அத்தர் கடை வைத்திருக்கும் காயல்பட்டினத்து கௌஸ் முகைதீனை வரச் சொல்லியிருந்தாள். பாய் நியூயார்க்குக்கு இரண்டு முறை போனவர். தொண்ணூற்றொன்றில் சரக்குக் கண்காட்சிக்கு. போன வருஷம் பேரப்பிள்ளையைப் பார்க்க. புது ஊரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொன்னால் போதும், பழையதை யார் கேட்கப்போகிறார்கள் என்று கணக்குப் போட்டிருந்தாள்.

பாய் வந்தார், உட்கார்ந்தார், சமோசாவில் கைவைத்தார்.

“போன வருஷம் எப்படி இருந்தது, பாய்?” கல்யாணசுந்தரம் பேனாவைத் திறந்தார்.

“அதை ஏன் கேக்குறீங்க தம்பி, சப்புண்டு போச்சு. இருட்டின பொறவு ஒரு பொம்பளப்புள்ள தன்னந்தனியா ரயில்ல புத்தகம் படிச்சிக்கிட்டுப் போவுது. என்னய ஒருத்தன் ஏறெடுத்துப் பாக்கணுமே! முப்பது வருஷத்துக்கு மேல பயந்துக்கிட்டு இருந்த ஊரு, நம்மள மதிக்கவே இல்ல.”

பிரபாவதிக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. கல்யாணசுந்தரம் அதை எழுதிக்கொண்டு அடுத்த வரிக்குப் போனார்.

“சரி, ஏழாவது ஐட்டம். தொண்ணூத்தொண்ணு. நாலு பேர், ஒரு முழக் கத்தி, உங்க வாட்ச்.”

“கத்தியா? யாரு கத்தி?”

“பாய், சமோசா ஆறுது,” என்றாள் பிரபாவதி.

“நாலு பேருமில்ல தம்பி, ஒரே ஆளு. மணி என்னண்டு கேட்டான். இங்கேருந்து போகையிலேயே ஆளாளுக்குப் பயங்காட்டித்தானே அனுப்புனாங்க? வாட்சைக் கழட்டி அவன் கையில வச்சிட்டு ஓடிட்டேன். பாவம், திருப்பிக் குடுக்க ரெண்டு தெரு பின்னாலயே ஓடியாந்தான். நான் நிக்கணுமே!”

சுஷ்மிதா சிரித்த சிரிப்பில் தண்ணீர் புரையேறியது. கல்யாணசுந்தரம் சிரிக்கவில்லை.

“பிரபா, இந்தக் கத்தியைப் பன்னெண்டு வருஷமா காலையில சைட் மீட்டிங்ல சொல்லிட்டிருக்கேன். இருநூறு பேருக்கு. ஹிந்தியில.”

“கத்தி வச்சாத்தானே நீங்க தட்டுலேருந்து தலையைத் தூக்கறீங்க!”

அவர் பேனாவால் ஏழாவது வரியைத் தட்டினார். “மத்த பதினாறு?”

“ஆறு நிஜம்.” யோசித்தாள். “அஞ்சரை.”

“அப்போ, இப்ப ஊர் நல்லாயிடுச்சுன்னு நீ சொல்றதை மட்டும் எப்படி நம்பறது?”

பிரபாவதி சமோசாத் தட்டை பாய் பக்கம் நகர்த்தினாள். கவுண்டரில் கேட்ட நல்ல கதைகள் எத்தனையோ கைவசம் இருந்தன; ஒன்றையும் செலவழிக்க முடியவில்லை.

“நம்ப வேண்டாம்பா,” என்றாள் சுஷ்மிதா. “ஆனா நேர்ல பாக்காத சைட்டுக்கு நீங்க சைன் பண்ணுவீங்களா?”

“எப்படிப் பண்ணுவேன்? வேலை போயிடும்.”

“இதுல பண்ணியிருக்கீங்களே?”

கல்யாணசுந்தரம் தம் கையெழுத்தையே பார்த்தார். எழுந்தார். பால்கனிக்குப் போனார், வந்தார், மறுபடி போனார். கீழே லாரிகள் போய்க்கொண்டிருந்தன. திரும்பி வந்து படிவத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். பக்கத்தில் தேதி போட்டார். சைட்டில் தவறான தாளைக் கிழிக்கக் கூடாது, இப்படித்தான் ரத்து செய்ய வேண்டும்.

“யாராவது போய்ப் பாத்து எழுதணும். நீ போ. பாத்ததை மட்டும் எழுது. உங்கம்மா மாதிரி...”

அவர் முடிப்பதற்குள் சுஷ்மிதா லேப்டாப்பில் பதிலை அனுப்பிவிட்டாள். அவ்வளவுதான், கலாஸ்.

பிரபாவதி நின்ற இடத்தில் நிற்க முடியாமல் தட்டுகளை அடுக்கினாள், கலைத்தாள். தான் ஊதிப் பெருக்கிய எலிகளும் காலடிகளும் இப்போது ஒவ்வொன்றாக அவளையே தேடி வந்தன. சமையலறை வாசலில் பாயை மடக்கிக் குரலைத் தாழ்த்தினாள்.

“பாய், ஒண்ணும் சேர்க்காம சொல்லுங்க. அந்த ஊர் எப்படி?”

பாய் வாயில் இருந்ததை மென்று விழுங்கினார்.

“நான் இருந்தது பத்து நாளுதானே, புள்ள,” என்றார்.